ஒரு பூந்தொட்டி அளவு இடம்

கலமண்டா,
8 ஜூன் 1986

அன்புள்ள எல்வா,

இங்கே நானும் பூனையும் நலம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் எப்படி?

முதலில் ஒன்று. இந்தக் கடிதம் உனக்கு வரவில்லை. உன் அக்கா நோரீன் ஏழு வருடத்துக்கு முன் போட்ட தடை இன்னும் அமலில் இருக்கிறது. “அவளுக்கு ஒரு வரி எழுதினாலும் உன் ராத்திரிச் சாப்பாடு பூனைக்குத்தான்.” அன்றிலிருந்து தபால்காரரைக் கண்டாலே பூனை சப்புக்கொட்டுகிறது.

விஷயம் செடிகள். நோரீனுக்கு முதுகுப் பிடிப்பு. குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வலைக் குடிலில் இருக்கிற நூற்றுச்சொச்சம் பூச்சி தின்கிற பனித்துளிச் செடிகளும் என் கைக்கு வந்துவிட்டன. நானோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நாற்பது பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ப்பேன். பிளாஸ்டிக் செடியைக் கொடுத்தால்கூட வாடவைத்துவிடுவேன். அவளிடம் கேட்டால், “கண்ணு இருக்கில்ல, பாத்துச் செய்” என்கிறாள். பார்த்தேன். இலை முழுக்கச் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் தேன் மாதிரி ஒரு சொட்டு. அந்தத் தித்திப்பை நம்பி வந்த கொசு ஒன்று ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கள் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது.

டல்சியைத் தெரியுமல்லவா, எங்கள் செடிச் சங்கத்தின் காரியதரிசி, கூடவே ஊரின் வானொலி நிலையம். போன மாதம் எஸ்பெரன்ஸ் வந்தவள் உன் வீட்டு வேலியை எட்டிப் பார்த்திருக்கிறாள். “உங்க எல்வா வராந்தாவுல அதே செடிதான், தட்டுத் தட்டா அடுக்கி வச்சிருக்கா” என்றாள். முதலில் நம்பவில்லை. எண்பத்தொரு தொட்டிக் கிழங்கை ஒரே ஜனவரிக் கோடையில் அழுகவைத்தவள் நீ. பிறகு யோசித்தேன், அதுதானே தகுதி. கொன்றவளுக்குத்தானே உயிர் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

கோபப்படாதே. வீட்டை உன்னிடம் விட்டுவிட்டு நாங்கள் என் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த அந்த மூன்று வாரத்தில், கோடை முழுக்க அந்தச் செடி மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும் என்று உனக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. வறண்ட மண்ணைப் பார்த்து மனசு கேட்காமல் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாய். அவையோ உங்கள் அப்பாவின் பால்பண்ணைச் சதுப்பில், புல்டோசர் வருவதற்கு முந்தின நாள் அவள் முழங்கால் சேற்றில் தோண்டி எடுத்த கிழங்குகள். நல்ல மனசால் நடந்த கொலை, அதனால்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. கெட்ட மனசென்றால் எப்போதோ மன்னித்திருப்பாள்.

எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு என்று எழுது. வீட்டு விலாசம் வேண்டாம், பஸ் டிப்போவுக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தடையை மீறிய,
கிளாரி

•

எஸ்பெரன்ஸ்,
21 ஜூன் 1986

அன்புள்ள கிளாரி,

வராத கடிதம் கிடைத்தது. முழங்கால் மழைக்கு ஒரு நாள் முன்னால் சேதி சொல்கிறது; மற்றபடி நலம். பேக்கரியில் விடிகாலை ரொட்டி அடுக்குகிற வேலைதான் இன்னும்.

தண்ணீர், டாங்கில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் இரண்டு விரல் உயரம் நிற்கட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவள் இல்லை.

சாப்பாடு போடாதே. உரமும் கூடாது. ஒன்றுமில்லாத மண்ணில் பிறந்த செடி அது. தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும். ஊட்டினால் செத்துப்போகும்.

நவம்பரில் இலை கருகும். பயப்படாதே. தட்டைக் காயவிடு. மழை வரும்வரை ஒன்றும் செய்யாதே. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

நீயும் பூனையும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

எல்வா

•

கலமண்டா,
20 ஜூலை 1986

அன்புள்ள எல்வா,

நலம், நலம், நலம். மூன்று, எண்ணிக்கொள். உன் வீட்டுக் கூரையைக் காற்று இன்னும் தூக்கிப் போகாமலிருக்கும் என்று நம்புகிறேன்.

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு போடாதே என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். வீட்டுக்கு வந்த ஜீவனை வெறும் வயிற்றோடு விடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பன்னிரண்டு செடிக்கு ஆளுக்கொரு சீஸ் துணுக்கு. நாலாம் நாள் பன்னிரண்டுக்கும் வெள்ளைப் பூசணம் பிடித்து, டல்சியின் மாமனார் மாதிரி தாடி தொங்கியது.

நோரீன் தன் நாற்காலியிலிருந்து பார்த்துவிட்டாள். “கிளாரி, என்ன போட்ட அதுக்கு?”

“சீஸ்.”

“பிஸ்கட் வைக்க மறந்துட்டியே. அதுங்க என்ன நினைச்சுக்கும்?”

சிரித்தாள். வெகு நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, இருமல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நாற்காலி உனக்கு ஞாபகமிருக்கும். குடிலுக்குள் கிடக்கிற பச்சைப் பிரம்பு நாற்காலி. இருபது வருடத்தில் அவளைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. ஒரு முறை பூனை உட்கார்ந்தது. அது பழைய பூனை. இப்போது மடியில் கம்பளியோடு அதில் சாய்ந்துகொண்டு, மகாராணி மாதிரி விரலை நீட்டி எனக்கு உத்தரவு போடுகிறாள். நான் தட்டுத் தட்டாகத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இன்னொரு திட்டும் வாங்கினேன். நடு மேடையில் தொட்டிகளுக்கு நடுவே சரியாக ஒரு தொட்டி அளவு இடம் காலியாக இருக்கிறது. வசதியாயிற்றே என்று தேநீர்க் கோப்பையை வைத்தேன். “அங்க வைக்காத.” ஏன் என்றேன். “வைக்காதன்னா வைக்காத.” அதன்பின் கோப்பையைத் தரையில்தான் வைக்கிறேன். பூனை குடிக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் பெர்த் போய்வருகிறோம். துணி வாங்க. மாலையில் அவளுக்கு அசதி. அதனால்தான் கடிதம் தாமதம்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

கிளாரி

•

எஸ்பெரன்ஸ்,
29 ஜூலை 1986

அன்புள்ள கிளாரி,

நலம்.

யாரும் வாரத்துக்கு இரண்டு தடவை துணி வாங்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்து நோரீன் கடைசியாகத் துணி வாங்கியது 1971இல். அதுவும் தொட்டிக்கு மேல் கட்டுகிற வலை.

என்ன உடம்பு? நான் வரட்டுமா? பத்து மணி நேரம் பஸ், அவ்வளவுதானே. ஒரு வரி போதும். ஜோக் வேண்டாம்.

பூசணம் பிடித்த இலைகளை மட்டும் வெட்டிவிடு. செடி பிழைத்துக்கொள்ளும்.

எல்வா

•

கலமண்டா,
14 செப்டம்பர் 1986

அன்புள்ள எல்வா,

நலமா? ஆறு வாரம் பதில் போடாத பாவியை நீ திட்டியிருப்பாய். பஸ் ஓட்டும்போது அடிக்கடி தும்மினேன்.

செடிகள் பூத்துவிட்டன. வெள்ளை, மஞ்சள், ஒன்று செங்கல் நிறம். சங்கத்துக் கண்காட்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆறு தொட்டி போயிற்று. அவள் வரவில்லை, நான் கொண்டுபோனேன். இரண்டாம் பரிசு. “கிளாரி வளர்த்ததுக்கு ரெண்டாவதா? நடுவருக்குக் கண்ணு போச்சு” என்று டல்சி மைக்கில் சொன்னாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது என்கிறாள். டல்சிக்கு மைக் ஓடுவது எப்போதும் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லமாட்டேன் என்று நோரீனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லமாட்டேன். வேறு விஷயம் சொல்லலாம் அல்லவா? நீ பல வருடங்களுக்கு முன் பின்னிக்கொடுத்த நீலக் கம்பளித் தொப்பி அலமாரியின் அடியில் கிடந்தது. தூக்கிப்போட்டுவிட்டதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது நாள் முழுக்க அதைத்தான் தலையில் போட்டிருக்கிறாள். குளிர் என்கிறாள். இங்கே நல்ல வெயில். ராத்திரி அவள் கழற்றிவைக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். சத்தியத்தை மீறவில்லை.

உன் உடம்பைக் கவனி. உங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடக் கவனிக்கிறதில்லை.

கிளாரி

•

எஸ்பெரன்ஸ்,
28 செப்டம்பர் 1986

அன்புள்ள கிளாரி,

தொப்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதற்குமேல் கேட்கமாட்டேன். நீ சொல்லாதவரை நானும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் ஒன்று சொல்லவேண்டும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஜனவரியில் நீங்கள் திரும்பி வந்த அன்று, நோரீன் ஒரு தொட்டியைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். அந்த நாற்றம் எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. கத்தவில்லை. “போ” என்று மட்டும் சொன்னாள். நான் போகும்போது குடிலின் பின்பக்கமாகப் போய், ஓரத்திலிருந்த ஒரு தொட்டியை என் கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. ஒரு தொட்டியாவது என்னோடு இருக்கட்டும் என்றுதான். வீட்டில் வந்து கொட்டிப் பார்த்தால், கூழுக்கு நடுவே இரண்டு கிழங்கு. பட்டாணி அளவு. கல் மாதிரி கெட்டியாக.

அதில்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன். இரண்டு மூன்றாயிற்று, பிறகு ஏழு. இப்போது ஒரு பெரிய தொட்டி நிறைய. மண்ணோடு ஒட்டிப் படர்ந்த, காசு அளவு வட்ட இலை.

ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்பாய். இலையை மட்டும் பார்த்தால் இது எந்தச் சாலையோரத்திலும் முளைக்கிற சாதாரணச் சிவப்பு வகைதான். நம் சதுப்பில் இருந்தது மட்டும் வெள்ளையில் இளஞ்சிவப்புக் கலந்து பூக்கும். பூத்தால்தான் அது அதுவென்று சொல்ல முடியும். பூவோடு கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கலாம், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். ஏழு வருடமாக ஒரு மொட்டுகூட விடவில்லை. மண்ணை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். இலை மட்டும் வருகிறது, போகிறது.

நீ கேட்பதுபோல் அவளிடம் கேள். படர்ந்த சிவப்பு ஏன் பூக்காது? என் பெயர் வேண்டாம்.

எல்வா

•

கலமண்டா,
30 நவம்பர் 1986

அன்புள்ள எல்வா,

நலமா? இரண்டு மாதம் ஆகிவிட்டது. இங்கே சில நாள் நன்றாகவும் சில நாள் வேறு மாதிரியும் போகிறது. செடியெல்லாம் கருகித் தூங்கிவிட்டது. நான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன். வாழ்நாளில் முதல்முறையாக அதற்குப் பாராட்டு கிடைக்கிறது.

கேட்டேன். தட்டுகளைக் கழுவிக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி, “இந்தப் படர்ந்த சிவப்பு சிலது பூக்கறதே இல்லையாமே, ஏன்?” என்றேன். நான் நல்ல நடிகன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நோரீன் தூங்கிவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். காலியாக இருக்கிற அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு கேட்டா?”

“நான்தான்.”

“உனக்குச் செடியில எது தலை எது காலுன்னு தெரியாது. எத்தனை இருக்காம் அவகிட்ட?”

பெரிய தொட்டி நிறைய என்றேன். பொய் சொல்ல எனக்கு அவகாசம் கொடுக்கவில்லை. பூனைக்குச் சாப்பாடு போகப்போகிறது என்று நினைத்தேன். கையை நீட்டினாள். காகிதமும் பென்சிலும் கொடுத்தேன். எழுத அரை மணி ஆயிற்று. இடையில் இரண்டு முறை பென்சிலைக் கீழே போட்டாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிளாரி

[உள்ளே ஒரு துண்டுக் காகிதம், கோணலான பென்சில் எழுத்தில்]

தீ பட்டால்தான் பூக்கும். அப்பா மூன்று வருடத்துக்கு ஒரு முறை சதுப்புப் புல்லைக் கொளுத்துவாரே, மறந்துவிட்டாயா. அந்த வருடம்தானே பூத்தது.

மார்ச் இரண்டாவது வாரம். காற்றில்லாத நாள். காய்ந்த தைலமர இலை, தொட்டி மறைகிற அளவு. மேலேயே கொளுத்து. அதுவாக அணையட்டும். சாம்பலைத் தொடாதே. அந்த வாரம் தவறினால் அடுத்த வருடம்தான்.

முதல் மழை வரும்வரை, வாத்தே, தண்ணீர் ஊற்றாதே.

•

கலமண்டா,
4 ஜனவரி 1987

அன்புள்ள எல்வா,

புது வருட வாழ்த்து. நலம்தானே?

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று நீ கொடுத்த தந்தியை அவளிடம் காட்டினேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று நூற்றுப்பத்து டிகிரி வெயில். வறுத்த கோழியை டல்சி கொண்டுவந்தாள். சாப்பிட்டது பூனை.

“பூவோட வரட்டும்” என்கிறாள். “வெறுங்கையோட வந்தா ரெண்டு பேரும் அழுதுட்டு உக்காந்திருப்போம். எனக்கு அதுக்குத் தெம்பில்ல.” நான் கெஞ்சிப் பார்த்தேன். என் கெஞ்சலுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் திரும்பாமலே கேட்டாள். “வாத்துன்னு எழுதினதுக்கு என்ன சொன்னா?” தந்தியில் அதற்கு இடமில்லை என்றேன். “சின்ன வயசுல சதுப்புல நான் எங்க கால் வச்சாலும் பின்னாடியே வருவா. சேறு தலைவரைக்கும் இருக்கும். இறங்காதன்னா கேக்கமாட்டா.” அந்தப் பேச்சிலேயே தூங்கிவிட்டாள்.

ஆகவே அவசரமில்லை. மார்ச் வரட்டும், தீயைப் போடு, பூக்கட்டும். மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவசரமில்லை என்று அவளும் எழுதச் சொன்னாள். பக்கத்தில் இருந்து படித்துப் பார்க்கிறாள்.

கிளாரி

•

கலமண்டா,
8 மார்ச் 1987

அன்புள்ள எல்வா,

நலமா? பிப்ரவரியில் நீ எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடாததற்கு ஒரு காரணமும் இல்லை, சோம்பல். ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, சோம்பலுக்கும் ஒரு வயது வேண்டுமே.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. புதுப்பிள்ளை ஒருத்தி பஸ்ஸில் தவளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். தவளை பின் சீட்டுக்காரர்களைவிட ஒழுங்காக உட்கார்ந்து வந்தது. டல்சி ஏனோ அமைதியாகிவிட்டாள். சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரும் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

இதைக் குடிலில் இருந்து எழுதுகிறேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் மேடை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது, அதனால்தான் யார் என்ன தப்புச் செய்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நூற்றுச்சொச்சம் தொட்டி, எல்லாம் வெறும் மண். பார்க்கிறவன் செத்துவிட்டது என்றுதான் சொல்வான். நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

இரண்டாவது வாரம் வந்துவிட்டது. காற்றில்லாத நாள் பார். எஸ்பெரன்ஸில் அப்படி ஒரு நாள் உண்டா என்பதே சந்தேகம், ஆனாலும் பார். மறக்காதே. வேறு எதற்காகவும் இந்த வாரத்தை விட்டுவிடாதே.

சாப்பிடு, தூங்கு.

கிளாரி

•

எஸ்பெரன்ஸ்,
15 மார்ச் 1987

அன்புள்ள கிளாரி,

நலம்.

தீ போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் காற்று நின்றது. கோடையில் தீத்தடை இருக்கிறதே, அதனால் தீயணைப்புக் கேப்டனிடம் போய் அனுமதி கேட்டேன்.

“என்ன எரிக்கப்போற?”

“ஒரு பூந்தொட்டி.”

முகத்தையே பார்த்தார். பிறகு தானே வந்தார், இரண்டு வாளித் தண்ணீரோடு. இலை பற்றி எரிந்தபோது அவருக்குக் கை துறுதுறுத்தது. “தயவுசெஞ்சு தண்ணி ஊத்திடாதீங்க” என்றேன். குரல் எப்படி வந்ததோ, வாளியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அது தானாக அணையும்வரை இருவரும் நின்றோம்.

நோரீனுக்கு என் அன்பு.

எல்வா

•

எஸ்பெரன்ஸ்,
17 மே 1987

அன்புள்ள கிளாரி,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

பூத்துவிட்டது. முதல் மழை பெய்து பதினாறாம் நாள், இலைகூட வருவதற்கு முன், சாம்பலைத் தள்ளிக்கொண்டு ஒன்பது கொத்து. வெள்ளையில் இளஞ்சிவப்பு. பக்கத்தில் முகத்தை வைத்தால் அப்பாவின் கொட்டகை வாசனை. அதுதான். சந்தேகமில்லை.

அசடே, எனக்குத் தெரியும். மார்ச்சில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று எழுதினாயே. அவள் உயிரோடு இருந்தால் நீ அதில் உட்கார்ந்திருப்பாயா?

அந்த வரியைப் படித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போய்விட்டேன். அங்கே நிற்கும்போது மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. எங்கள் ஊரில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் தவறினால் அடுத்த வருடம்தான் என்று எழுதியிருந்தாள். பஸ் வந்தது, கதவைத் திறந்தது, டிரைவர் “ஏறலையா?” என்றார். வீட்டுக்குத் திரும்பி வந்து தீயைப் போட்டேன். மார்ச் கடிதத்தில் ‘நோரீனுக்கு என் அன்பு’ என்ற கடைசி வரியை ஒரு மணி நேரம் யோசித்து எழுதினேன். நீ சொல்லாதபோது நானும் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

உன்மேல் கோபம் இருக்கிறது, கிளாரி. ‘அவசரமில்லை’ என்று எழுதினாய். ஆனால் அதை நம்பியது நான்தான். நம்புவது வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மடியில் தொட்டி இருக்கும். எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்?

எல்வா

•

கலமண்டா,
19 மே 1987

அன்புள்ள எல்வா,

இது நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேருமா தெரியவில்லை. பஸ் டிரைவர் சிநேகிதனிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மதியம். நல்ல வெயில். தொப்பி தலையில்தான் இருந்தது, அதோடுதான் அனுப்பினேன். பத்திரிகையில் அறிவிப்புப் போடவில்லை. டல்சியிடம் சத்தியம் வாங்கினேன். பாவம், அவளுக்கு அது சிறைத்தண்டனை.

அவள் சொன்னபடிதான் செய்தேன். போவதற்கு இரண்டு நாள் முன்னால், “பூத்த பிறகு சொல்லு” என்றாள். “இப்ப சொன்னா ஓடி வந்துடுவா. தீ போடற வாரம் போயிடும். இன்னொரு வருஷம் காத்திருப்பா. ஏழு வருஷம் போதும் அவளுக்கு.” நான் கேட்டேன், “அவ எடுத்துட்டுப் போனது உனக்கு எப்பத் தெரியும்?”

“குப்பையில கொட்டும்போதே எண்ணினேன். எண்பத்தொண்ணுல எண்பதுதான் இருந்தது.”

அன்றிலிருந்தே தெரியும், எல்வா. நீ வாயைத் திறப்பாய் என்று அவள் காத்திருந்தாள். அது பூக்கட்டும் என்று நீ காத்திருந்தாய். நடுவில் பஸ் ஓட்டுகிற ஒருவன் இருந்தான். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு தடவை அவன் ஓட்டியிருக்கலாம். நான் ஊரைச் சிரிக்கவைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. செத்ததென்று நினைத்த தொட்டியெல்லாம் முளைத்துவிட்டது. தட்டுகளில் இரண்டு விரல் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் சீஸ் போடவில்லை.

எங்கே வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். நடு மேடையில், அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. நேற்று துடைத்துவைத்தேன். என் கோப்பையை இன்னும் தரையில்தான் வைக்கிறேன்.

முழங்காலைப் பார்த்து இறங்கு. நிறுத்தத்தில் நிற்பேன்.

கிளாரி